உப்பிட்ட பாயாசம்

இத்தாலிய நாட்டின் தென்பாகத்திலே, சிசிலித் தீவின் வடகரையில், பலெர்மோ என்றொரு துறைமுக நகரம் உண்டு. அந்நகரிலே ஒரு மூதாட்டியின் வீட்டில் எனது தாயார் 2011ஆம் ஆண்டு தொடக்கம் வேலை செய்து வருகின்றார். மூதாட்டியைப் பராமரிப்பதும் அவருக்குச் சமைத்துப் போடுவதுமே வேலை. அம்மா புறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. ஆகவே என் தாயாரின் கைப்பக்குவத்தை என்னைக் காட்டிலும் நன்கறிந்தவர் அந்த மூதாட்டியே என்றால் அது மிகையாகாது. இதனை ஒரு குறையாக நான் நெடுங்காலம் மனத்திலே வைத்திருந்தேன். இக்கட்டுரை அக்குறையைப் பற்றியதன்று. ஓர் உணவைப் பற்றியது. ஆயினும் இவ்விரண்டையும் பிரித்தெழுத முயன்று தோற்றுவிட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின்னர் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலே வாடகைக்கு இருந்தது. நான் பிறந்தது அங்கேதான். அப்பா எங்களோடு இல்லாமற் போன கதை இவ்விடத்துக்கு உரியதன்று. வெள்ளவத்தையின் வாடகை கட்டுப்படியாகாத நிலை வந்ததும், அம்மம்மாவும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளுக்கு மாறினோம். அம்மா பலெர்மோவுக்குப் போனார். அங்கே எங்கள் பெரிய மாமா இருந்தார். 1983க்குப் பின்னர் ஐரோப்பா சென்ற நம்மவர் பலர் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போக, சிலர் பலெர்மோவில் இறங்கி அங்கேயே வேரூன்றிவிட்டனர். அந்நகரின் காவல் புனிதை ரொசலியாவின் குகைக்கோயில் பெலெகிரினோ மலையில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மலை ஏறுவோரில் கத்தோலிக்கத் தமிழர் மட்டுமன்றிச் சைவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறபோது, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றிவிட்டு அருகிலுள்ள பொன்னம்பலவாணேசர் சந்நிதிக்கும் போகிற எங்கள் அயலவருக்கு அதிலே வியப்பொன்றும் தோன்றாது.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் திகதி அம்மா ஒரு படம் அனுப்பினார். அன்று புனித சூசையப்பர் திருநாள். ஒரு வெள்ளைத் தட்டிலே நூல்போன்ற பாஸ்தா, அதன் மேல் ஏதோ மண்ணிறத் தூள், இடையிடையே பச்சை இலை, கறுப்புக் கறுப்பாகச் சில மணிகள். "இண்டைக்கு இஞ்சை எல்லா வீட்டிலையும் இதுதான்" என்று குரற்பதிவும் வந்தது. கறுப்பு மணிகள் என்னவென்று கேட்டேன். முந்திரிகை வற்றல் என்றார். மண்ணிறத் தூள்? வறுத்த பாண் தூள். அடியிலே இருப்பது? சாளை மீன்.

அம்மம்மா பின்னாலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீனுக்குள்ளை முந்திரிகை வத்தலோ? உதை ஆர் தின்னுறது?"

அக்கேள்வியே என்னை இம்முயற்சியிலே தள்ளிவிட்டது எனலாம். 13 ஆண்டுகளாக அம்மா அந்நகரின் அடுக்களையில் நிற்கிறார். அவர் சமைப்பது எதுவென்று தானும் எனக்குத் தெரியாது. அதன் மணம் தெரியாது. வேற்றூரில் இருக்கும் தாயை அறிவதற்கு அவர் சமைக்கும் உணவைச் சமைத்துப் பார்ப்பது ஒரு வழியாக அமையலாம் என்று எண்ணினேன். அவ்வெண்ணத்தில் ஓரளவு பிள்ளைத்தனம் இருந்தது என்பதை இப்போது அறிவேன்.

'பாஸ்தா கொன் லே சார்தே' என்பது அவ்வுணவின் இத்தாலியப் பெயர். 'சாளையோடு பாஸ்தா' என்பதற்கு மேல் அதிலே பொருள் ஒன்றுமில்லை. பலெர்மோவுக்கே உரிய உணவு இது. காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழை, சாளை, வெங்காயம், உப்பிட்ட நெத்தலி, முந்திரிகை வற்றல், பைன் மரத்தின் பருப்பு, குங்குமப்பூ ஆகியன சேரும். பாலாடைக்கட்டி தூவுவதில்லை, ஒலிவ் எண்ணெயில் வறுத்த பாண் தூளையே தூவுவர். பாலாடைக்கட்டி வாங்க வசதியற்ற ஏழைகளின் ஏற்பாடு அது.

இதன் தோற்றம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 827ஆம் ஆண்டிலே அரபுப் படை சிசிலியில் வந்திறங்கியபோது, பசித்த வீரருக்கு உணவு சமைக்க வேண்டியிருந்த சமையற்காரன் கரையிலே கிடைத்த மீனையும் வழியோரத்தில் முளைத்திருந்த பெருஞ்சீரகத் தழையையும் தன் மூட்டையில் இருந்த உலர்பழங்களோடு சேர்த்துச் சமைத்தான் என்பது அது. கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் 1154ஆம் ஆண்டிலே இரண்டாம் உரோஜர் மன்னனுக்காக அல் இத்ரீசி எழுதி முடித்த புவியியல் நூலிலே, பலெர்மோவுக்கு அணித்தான திராபியா என்னும் ஊரில் 'இத்ரியா' என்ற உலர்ந்த மாநூல் பெருவாரியாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றப்பட்டது என்ற செய்தி உள்ளது. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொணர்ந்தான் என்று பாடசாலையில் நாம் கேட்ட கதை இவ்வொரு வரியாலேயே அடிபட்டுப் போகிறது. அவன் பிறந்ததே அதற்கு நூறாண்டு பின்னர். அதே நூலில் அல் இத்ரீசி செரண்டீப் என்ற பெயரில் எங்கள் தீவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வரலாறு படிக்கும் மாணவி என்ற முறையில், திராபியாவின் மாநூலும் எனது நாடும் ஒரே நூலின் இருவேறு பக்கங்களில் 870 ஆண்டுகளாக இருந்துவந்திருப்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே குறியாதிருக்க இயலவில்லை.

அம்மம்மாவுக்கு அல் இத்ரீசி தேவைப்படவில்லை. பாஸ்தாவின் ஒரு நூலை எடுத்து முறித்து, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார்.

"இது காயவைச்ச இடியப்பம்."

அவரது கூற்று தவறன்று. மாவைப் பிசைந்து துளையினூடாக அழுத்திப் பிழிவதே இரண்டுக்கும் பொது. நாம் இடியப்ப உரலிலே பிழிந்து ஈரத்தோடு ஆவியில் அவிக்கிறோம். அவர்கள் வெண்கல அச்சிலே பிழிந்து, உலர்த்தி, வேண்டும்போது கொதிநீரில் அவிக்கிறார்கள். அவர்களுடையது கடினக் கோதுமை. எங்கள் கடைகளில் விற்பது பாணுக்குரிய மென்மா. 1970களிலே பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர் அம்மம்மா. கோதுமை மாவை முதலில் துணியிற் கட்டி அவித்து, அரித்து, பின்னர் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆக்கிக்கொள்ளும் வித்தையை அத்தலைமுறை நன்கு கற்றிருந்தது. வெளியூர் மாவை எங்கள் உரலுக்கு இணங்கவைத்த அவருக்கு, வெளியூர் இடியப்பத்தைக் கண்டு மருளவேண்டிய தேவை இருக்கவில்லை. அவரது ஆட்சேபனை முழுவதும் அந்த முந்திரிகை வற்றலின் மேலேயே இருந்தது.

பொருள்களைச் சேகரிப்பது எளிதாக இருக்கவில்லை. பாஸ்தாவும் ஒலிவ் எண்ணெயும் வெள்ளவத்தையிலே, காலி வீதியில், கிடைத்தன. விரிவுரை முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்கு வரும் பேருந்துக்குப் பதிலாக எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிப் போய் வாங்கினேன். நான் பிறந்த ஒழுங்கையைக் கடந்துதான் அக்கடைக்குச் செல்லவேண்டும். அங்கே நாங்கள் இருந்த வீடு இன்று இல்லை. அவ்விடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஒழுங்கையின் முடிவிலே கடலும் புகையிரதப் பாதையும் மாத்திரம் பழையபடியே இருந்தன.

பைன் பருப்பின் சிறு பொதியொன்று எனது மகாபொலப் பணத்தின் கணிசமான பகுதியை விழுங்கும் என்று கண்டு அதனை வைத்துவிட்டேன். "கஜுவைப் போடு" என்றார் அம்மா. இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடமுண்டு. நாம் முந்திரிகை என்று சொல்வது கொடியிலே காய்க்கும் பழத்தை. தமிழகத்தார் முந்திரி என்று சொல்வது எங்கள் கஜுவை, அதாவது மரமுந்திரிகைப் பருப்பை. இந்தியச் சமையற் குறிப்பை நம்பிப் பாயாசத்துக்கு முந்திரி வாங்கிவரச் சொன்ன ஒருவரிடம் நான் சிறுவயதிலே முந்திரிகை வற்றலைக் கொண்டுபோய்க் கொடுத்து ஏச்சு வாங்கியிருக்கிறேன். இந்தப் பலெர்மோ உணவிலோ இரண்டு முந்திரியும் ஒரே சட்டியிற் சேர்ந்துவிட்டன. வற்றலிலும் வேறுபாடு உண்டு. இங்கே பிளம்ஸ் என்று விற்கும் பொன்னிற வற்றல் மிகுந்த இனிப்புடையது. அங்கே இடுவது சிறிய கறுப்பு வற்றல்; இனிப்போடு சிறிது புளிப்பும் கலந்தது. கொட்டாஞ்சேனைக் கடைகளில் நத்தார்க் கேக்குக்கென விற்கும் 'கறன்ற்' அதற்கு ஏறத்தாழ ஒத்துவரும்.

பெருஞ்சீரகத் தழைதான் பெரும் பிரச்சினையாயிற்று. சிசிலியில் அது இளவேனிற் காலத்தில் தெருவோரமெல்லாம் தானாக முளைக்கும் களை. அம்மா பெலெகிரினோ மலைக்குப் போய்வரும் வழியிலே ஒரு பை நிறையப் பறித்துவருவாராம். கொழும்பில் அது எங்கும் விற்பனைக்கு இல்லை. கறித்தூளுக்கென்று போத்தலில் இருந்த பெருஞ்சீரகத்தில் ஒரு பிடியை எடுத்து, விறாந்தையிலே இரண்டு உடைந்த வாளிகளில் மண்ணிட்டு விதைத்தேன். இரண்டு வாரத்தில் முளைத்தது. மயிர் போன்ற மெல்லிய தழை. கிள்ளி முகர்ந்தால் எங்கள் இறைச்சிக் கறியின் மணமே பச்சையாக வீசியது. ஒரு மசாலைச் சரக்கு என்று மாத்திரம் நான் அறிந்திருந்த பொருளுக்கு இலையும் தண்டும் உண்டென்பதை அந்த வாளியே எனக்குக் கற்பித்தது.

யூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முதன்முறையாகச் சமைத்தேன். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டிலே மச்சம் இல்லை. எங்கள் மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கோ தபசு காலத்து வெள்ளி மீனுக்குரிய நாள். ஒரே படிக்கட்டிலே ஒருவர் மீனுக்காக இறங்குவதும் மற்றவர் மீனைத் தவிர்த்து ஏறுவதும் கொட்டாஞ்சேனையில் சாதாரண காட்சி. நான் தயங்குவதை அறிந்த அம்மா, மீனில்லாத வகையும் ஒன்று உண்டு என்றார். சாளை வாங்கக் காசில்லாத பலெர்மோ ஏழைகள் தழையும் வற்றலும் பருப்பும் மாத்திரம் இட்டுச் சமைத்து, அதற்கு 'சாளை இன்னும் கடலிலே நிற்கிற பாஸ்தா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். இல்லாமையை இவ்வளவு நகையோடு சொல்லும் ஒரு சமையற் பெயரை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மீனில்லாத போதும் நெத்தலி கரைப்பது அங்கு வழக்கம். வெள்ளிக்கிழமையை முன்னிட்டு அதையும் விட்டுவிட்டேன்.

அம்மா சொன்ன முறை இது. முதலிலே தழையை உப்பு நீரில் அவித்து எடுத்துக்கொள்ள வேண்டும். "அந்தத் தண்ணியை ஊத்திப்போடாதை, அதுதான் எல்லாம்." அந்நீரிலேயே பாஸ்தா வேகவேண்டும். வேறொரு சட்டியிலே எண்ணெயில் வெங்காயத்தை மெல்ல வதக்கி, அவித்த தழையை நறுக்கிப் போட்டு, வெந்நீரில் ஊறிய வற்றலையும் பருப்பையும் சேர்த்து, குங்குமப்பூவை ஒரு கரண்டி நீரிலே கரைத்து ஊற்றவேண்டும். குங்குமப்பூவுக்கு நான் எங்கே போவேன்? அம்மம்மா மஞ்சளை நீட்டினார். நிறம் வந்தது.

மூவருக்குப் போதுமான பாஸ்தாவுக்கு ஒரு சிறு பிடி வற்றல் போதும். நான் இரண்டு கை நிறையப் போட்டுவிட்டேன். அத்தோடு, பாஸ்தா சற்றே பல்லுக்குக் கடிபட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தும், வெந்தது போதுமோ என்ற ஐயத்தில் நெடுநேரம் விட்டுவிட்டேன். பாண் தூளை வறுக்கையில் தீ கூடிவிட்டது. முடிவில் தட்டிலே குழைந்த மஞ்சள் நிறப் பொருளொன்று இருந்தது.

அம்மம்மா ஒரு வாய் உண்டார். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"பிள்ளை, இது உப்புப் போட்ட பாயாசம்."

நான் சிரித்தேன், பின்னர் யோசித்தேன். சேமியாப் பாயாசத்தில் என்னென்ன உண்டு? கோதுமை மாவில் இழைத்த நூல், வற்றல், கஜு, வசதியுள்ளவர் வீட்டிலே குங்குமப்பூ. பாலையும் சீனியையும் எடுத்துவிட்டு உப்பையும் தழையையும் வைத்தால், என் தட்டிலே இருந்ததுதான் எஞ்சும். அல் இத்ரீசியைப் படித்துவிட்டு நான் தேடிய உறவை அம்மம்மா ஒரு வாயில் கண்டுபிடித்துவிட்டார்.

ஆயினும், உப்பும் இனிப்பும் ஒன்றாகா என்று அவர் வாதிட்டபோது நான் விட்டுக்கொடுக்கவில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பிழிந்து பிட்டோடு குழைத்து உண்ணுபவர் யார்? அப்பிட்டிலேயே மறுபக்கம் மீன்குழம்பை ஊற்றிக்கொள்பவர் யார்? கனிந்த அன்னாசியை மிளகாய்த்தூளும் கடுகும் இட்டுக் கறி வைக்கும் ஊர் இது. கல்யாணப் புரியாணியிலே வற்றல் இருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பவர்கள் நாம். மலாயர் வீட்டு அச்சாற்றிலே பேரீச்சம்பழம் கிடக்கிறது. இவையெல்லாம் வேறு, மீனோடு சேர்த்துச் சமைப்பது வேறு என்றார் அம்மம்மா. பிட்டிலே மாம்பழத்தையும் மீனையும் கூட்டுவது உண்பவரின் விரல். சட்டியிலே கூட்டுவது சமைப்பவரின் அதிகாரம் என்ற கருத்துப்பட ஏதோ சொன்னார். விரிவுரை மண்டபத்திற் கேட்ட பல வாதங்களிலும் இது நுட்பமானது என்று எனக்குத் தோன்றியது. ஆகையால் மேலே பேசவில்லை.

இரண்டாம் முறை ஆகஸ்ட் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இம்முறை மீனோடு. காலையிலேயே அரைக் கிலோ சாளை வாங்கிவந்தேன். சாளையைத் தலையும் குடலும் நீக்கி முழுதாகவே புளியிட்டுச் சமைப்பது எங்கள் வழக்கம். முள்ளை நீக்கிப் புத்தகம்போல விரிக்கத் தெரியாமல் நான் தத்தளித்தபோது, அம்மா காணொளி அழைப்பிலே வந்தார். அங்கும் ஞாயிறு, ஓய்வு நாள். கைபேசியை அரிசிப் பேணியிற் சாய்த்து வைத்தேன்.

"கத்தி வேண்டாம். வயித்தைக் கீறினாப்போலை பெருவிரலை முள்ளுக்குக் கீழை விட்டு மெள்ள இழு. பார், இப்பிடி."

தம்மிடம் மீன் இல்லாதபடியால் வெறுங்கையாற் செய்து காட்டினார். திரையிலே அந்தப் பெருவிரல் பெரிதாகத் தெரிந்தது. நகத்தின் அருகே பழைய தீக்காயத் தழும்பு ஒன்று. அது எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. என் விரல் முள்ளின் கீழே நுழைந்து இழுத்தது; முள் முழுதாகக் கழன்று வந்தது. அக்கணத்திலே நான் அடைந்த வெற்றிப் பெருமிதத்திற்கு அளவில்லை. பத்தாவது மீனுக்கு வரும்போது என் கை பழகிவிட்டது. அம்மாவிடம் நேரிற் படிக்க வேண்டிய எத்தனையோ காரியங்களில், மீன் முள் எடுப்பது ஒன்றையாவது அவரது விரலைப் பார்த்தே படித்துக்கொண்டேன்.

அடுப்பிலே வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோது, நெடுநாள் மனத்திலிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு இது விருப்பமோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் உப்புப் பார்க்கிறதோடை சரி. சின்யோரா சாப்பிட்டு முடிய, நான் என்ரை அறையிலை சோறு தின்னுவன். மாமா வீட்டு மிளகாய்த்தூள் இருக்கு."

சட்டியைக் கிளறியபடியே நின்றேன். பாட்டியின் மேசையிலே அம்மாவும் அமர்ந்து அவ்வுணவை உண்கிறார், நான் அறியாத ஒரு சுவை அவருக்குப் பழகிவிட்டது, அச்சுவை எங்களிடையே மதில்போல எழுந்து நிற்கிறது என்றெல்லாம் நானே கற்பித்துக்கொண்டு அம்மதிலில் ஏணி சாத்தத் தொடங்கியிருந்தேன். மதிலுக்கு அப்பாலும் சோறும் தூளுமே இருந்தன. அன்று சமைத்தது முன்னையதிலும் நன்றாகவே வந்தது. அம்மம்மா தட்டை முடித்தார். தேங்காய்ச் சம்பலைத் தொட்டுக்கொண்டுதான், ஆயினும் முடித்தார். எனக்கு உண்ணும் மனம் இருக்கவில்லை.

அம்மா 2024 டிசம்பர் 12ஆம் திகதி கட்டுநாயக்காவில் வந்திறங்கினார். ஐந்து ஆண்டுகளின் பின்னர் வந்த விடுமுறை. மறுநாள் வெள்ளிக்கிழமை, மீன் ஆகாது. ஆனால் வாளித் தழை செழித்திருந்தது. 'கடலிலே நிற்கிற' வகையைச் செய்யலாம் என்று பாஸ்தாவை எடுத்து வைத்தேன்.

"இண்டைக்குப் பாஸ்தா அவிக்கேலாது பிள்ளை. லூசியா நாள்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா விளக்கினார். டிசம்பர் 13 புனித லூசியாளின் திருநாள். முன்னொரு காலத்திலே சிசிலியில் பஞ்சம் வந்து, மக்கள் அப்புனிதையை வேண்ட, அவளது நாளில் கோதுமைக் கப்பல் துறைக்கு வந்ததாம். மாவாக்கும் வரை பொறுக்கமாட்டாத மக்கள் தானியத்தை அப்படியே அவித்து உண்டார்களாம். அதன் நினைவாகப் பலெர்மோவில் அன்று எவரும் பாணோ பாஸ்தாவோ உண்பதில்லை. கோதுமையை முழுதாக அவித்து இனிப்பிட்டு உண்பர். லூசியாள் அத்தீவின் சிராகூசா நகரத்துப் பெண்.

"எங்கடை லூசியாவோ?" என்றார் அம்மம்மா, யன்னற் பக்கம் தலையை அசைத்து. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பெருங்குவிமாடம் அப்பக்கத்திலே உள்ளது. அப்பேராலயம் புனித லூசியாளின் பெயரால் விளங்குவது. அதன் மணியோசையிலே வளர்ந்த நான், லூசியாள் எந்த ஊர்க்காரி என்று ஒருநாளும் வினவியதில்லை.

நான் உண்மையிலே வியந்தது வேறொன்றுக்காக. அம்மா சைவர். அன்று திருவண்ணாமலைத் தீபநாளுங்கூட. மாலையிலே வாசலில் விளக்கு வைக்கத் திரி திரித்துக்கொண்டிருந்தார். அத்திரியைத் திரித்தபடியே, பலெர்மோவில் இல்லாதபோதும், பலெர்மோவின் நோன்பை அவர் காத்தார். தாம் அவ்வூரின் உணவை உண்பதில்லை என்று சொன்னவர், அவ்வூர் உண்ணாத நாளில் தாமும் உண்ணாதிருந்தார். ஆகஸ்டிலே நான் இடித்துவிட்டதாக எண்ணிய மதில் மீண்டும் சிறிது எழுந்தது. இம்முறை அதைக் கண்டு எனக்குக் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை பூரணை. தாயை இழந்தவராகையால் அம்மம்மா பறுவ விரதம் காப்பவர். அன்றும் மச்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் சமைத்தேன். அம்மா கைவேறு காலவேறாய் அடுப்படியில் நின்றார். கரண்டியை எடுக்கக் கை நீட்டினார். "நீ போய் இரு. அவள் செய்யட்டும்" என்று அம்மம்மா அவரைக் கதிரையில் இருத்தினார். அம்மாவுக்கு இருக்கத் தெரியவில்லை. கதிரையின் விளிம்பிலே, யாரேனும் கூப்பிட்டால் எழும்பத் தயாரானவர்போல இருந்தார். உண்மையான குங்குமப்பூவை அவரே ஒரு சிறு கடதாசிப் பொதியிற் கொண்டுவந்திருந்தார். பாஸ்தாவை வடித்து, கூட்டோடு பிரட்டி, பாண் தூளைத் தூவி, ஆவி பறக்க அவர் முன்னே வைத்தேன்.

முள்ளுக்கரண்டியைத் தேடாமல் கையாலே உண்டார். இரண்டாம் வாய்க்குப் பிறகு நிமிர்ந்தார்.

"பெருஞ்சீரகம் இன்னும் கொஞ்சம் போடலாம். உப்பு அளவு." பிறகு, தட்டைப் பார்த்தபடி, "சூட்டோடை இது இப்பிடித்தான் இருக்குமெண்டு எனக்குத் தெரியாது."

நானும் அம்மம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியாயின் ஆறிய பின்னர் அதன் சுவை அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேசை எடுத்தபின், அடுக்களையிலே நின்றபடி, மிஞ்சியதை உண்டிருக்கிறார். அதைச் சொல்லாமல் சோற்றை மாத்திரம் எனக்குச் சொல்லியிருக்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா இன்னொரு தட்டு வாங்கி உண்டார். அம்மம்மா சம்பற் கோப்பையை அவர் பக்கமாக நகர்த்தினார்; அவர் அதையும் தொட்டுக்கொண்டார்.

அம்மா சனவரி நடுப்பகுதியில் திரும்பிப் போனார். அதற்குள் வாளியிலிருந்த செடிகள் மஞ்சட் பூக்குடை விரித்து விதை பிடித்துவிட்டன. அம்மம்மா அவற்றை வெட்டிச் சுளகிலே காயவைத்து உதிர்த்து, பலெர்மோவுக்கான கறித்தூளுக்கு வறுத்த சரக்கோடு சேர்த்து இடித்தார். இரண்டு கிலோத் தூள் அம்மாவின் பெட்டியிலே போயிற்று. மிச்ச விதையைக் கடதாசியில் மடித்து ஒரு தகரப் பேணியில் போட்டு, கறிச்சரக்குத் தட்டின் மேலே வைத்திருக்கிறார். மற்றப் பெருஞ்சீரகத்தோடு மாறிவிடாதபடி, பேணியின் மூடியிலே ஒரு துண்டு ஒட்டி, தம் நடுங்கும் எழுத்தில் 'பாஸ்தாக் கீரை' என்று எழுதியிருக்கிறார்.